பூட்டிக் கிடந்த கோழிக்கடை

லண்டனில் ஒரு காலத்தில் நாலு இடத்தில் கோழிக்கடை வைத்திருந்த லிகாயா என்ற பிலிப்பினோக்காரியைப் பற்றி இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். சனங்களின் நன்றி தின்றது சீரணமாகும் வரைக்கும்தான்.

ஒரு ஹோட்டலில் படுக்கை விரிக்கிற வேலைக்கென்று எழுபதுகளில் வந்தவள் அவள். பத்து வருடம் பிறத்தியாரின் போர்வைகளை உதறிப் போட்டுவிட்டு, எண்பத்துநாலாம் ஆண்டு ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஒரு சின்னக் கடை எடுத்தாள். முழுக்கோழியின் வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல்லைக் கட்டாகத் திணித்து, கம்பியில் கோத்து, கரி நெருப்பில் சுற்ற விடுவாள். அவ்வளவுதான் வியாபாரம். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வரும் பிலிப்பினோ தாதிமாரும் வீட்டு வேலைக்காரிகளும் அந்த வாசனைக்காகவே தெருமுனை வரைக்கும் வரிசையில் நின்றார்கள். கடைக்கு ‘லிகாயா சிக்கன்’ என்று தன் பெயரையே வைத்தாள்.

அடுத்த வருடம் பெனடிக்ற் வந்து சேர்ந்தான். மன்னார்க்காரன். குரோய்டனில் அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பதில் வராமல், மாதா கோயிலில் பின் வாங்குப் பலகையில் இருந்து அழுதுகொண்டிருந்தவனை லிகாயா கண்டாள். பெயர் கேட்கவில்லை, நாடு கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டாள். சாப்பிட்டேன் என்று அவன் சொன்ன பொய்யை நம்பாமல் கடைக்குக் கூட்டிப் போனாள். அன்று தொடக்கம் அவள் அவனுக்கு அக்கா. அவன் அவளுக்கு ‘பென்.’

“கோழிக்குச் சீனி போடுற மனிசியை நான் இஞ்சதான் கண்டனான்” என்று, பின்னால் ஊரிலிருந்து வந்து சேர்ந்த மனைவி டொலறஸிடம் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சீனிக் கோழிக்குப் பக்கத்தில் ஒரு உறைப்புச் சம்பலை வைத்தால் தமிழ்ச் சனமும் வரும் என்பது அவனுடைய யோசனை. லிகாயா நம்பி, பிளேஸ்டோவில் இரண்டாவது கடையைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் சொன்னபடியே சனம் வந்தது.

ஒரு கடை ஓடினால் நாலும் ஓடும் என்று நினைப்பது மனிதருக்குள்ள பழைய வியாதி. ரெய்னர்ஸ் லேனில் ஒன்று திறந்தார்கள். அங்கேயிருந்த சைவச் சனம் செவ்வாய்க்கு மரக்கறி, வெள்ளிக்கு மரக்கறி, சஷ்டிக்கு ஆறு நாளும் மரக்கறி. மிச்ச நாளில் வீட்டிலேயே கோழி காய்ச்சியது. குரோய்டனில் குடிவரவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒன்று திறந்தார்கள். விசா மறுக்கப்பட்டவனுக்குப் பசி இல்லை. கிடைத்தவன் துள்ளிக்கொண்டு ரயிலுக்கு ஓடினான். இடையில் நின்று கோழி தின்ன யார் இருக்கிறார்கள்? அகலக் கால் வைத்தால் விழத்தான் வேண்டும்.

விழுந்தார்கள். கரிப்புகை என்று அயலவர் முறைப்பாடு, வாடகை, வியாபார மந்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் ஏர்ல்ஸ் கோர்ட் கடைக்கு நேர் எதிரே வெள்ளை வெளிச்சம் போட்டு ஒரு எண்ணெய்ப் பொரியல் கோழிக்கடையும் வந்து குந்தியது. அந்த எண்ணெய் நாற்றம் தெருவைக் கடந்து வரும்போதெல்லாம் லிகாயா மூக்கைப் பொத்திக்கொள்வாள். “செத்தாலும் அதற்குள் கால் வைக்கமாட்டேன்” என்பாள். தொண்ணூற்றைந்தில் முதல் கடை மட்டும்தான் மிஞ்சியது. பெனடிக்ற்றும் பிளேஸ்டோவைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்து நின்றான். அந்த வருடமே அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள்.

லிகாயா கலியாணம் கட்டாதவள். அவளுக்குப் பிறகு எல்லாம் ஊரில் இருந்த தாய்க்குத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தங்கை ரெமெடியோஸின் முன்னால் அவள் சொன்னாள்: “அம்மா சரியென்றால் கடையைப் பென் நடத்தட்டும்.”

பெனடிக்ற்றுக்கு வேறு தொழில் தெரியாது. இந்தப் பெரிய நகரத்தில் அவனை ஒரு மனிதனாக மதித்த இடமும் அது ஒன்றுதான். கடை போனால் அவன் மறுபடியும் அந்தப் பின் வாங்குக்குத்தான் போகவேண்டும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. லிகாயா கண்ணை மூடினாள். தாய்க்கிழவி அடக்கத்துக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டதும், அக்காவுக்குச் செய்கிற மரியாதையில் ஒரு குறையும் வரக்கூடாது என்று மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான்.

அந்த முடிச்சுத்தான் அவன் கழுத்தை இறுக்கியது.

அடக்கத்துக்கு முதல்நாள் அவன் கரி நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தான். எத்தனையோ வருடமாகச் சூடு ஆறாத அடுப்பு. கம்பிகளைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டி, ஷட்டரை இழுத்துவிட்டு, ஊரில் செத்தவீட்டுத் தெருவில் கட்டுவதுபோல் வெள்ளைத் துணி கட்டினான்.

“என்னப்பா, தூரத்தில இருந்து சனம் வரும். ஒரு தேத்தண்ணி எண்டாலும் ஊத்த வேண்டாமே?” என்றாள் டொலறஸ்.

“உனக்கென்ன விசரே? செத்தவீட்டில ஆரும் அடுப்பு மூட்டுவினமே? அதுவும் கோழி! அக்காவைத் தாட்ட அண்டைக்குக் கோழி வாட்டினவன் எண்டு சனம் காறித் துப்பாதே?”

“அவையளின்ர முறை என்னெண்டு ஒருக்கால் கேளுங்கோவன்.”

“அவையளும் வேதக்காரர்தானே. செத்தவீடு எல்லாருக்கும் ஒண்டுதான்.”

அவன் கேட்கவில்லை. ரெமெடியோஸும் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? அவளுக்கும் அது அப்படித்தான் இருந்தது.

பெப்ரவரி மழையில் அடக்கம் நடந்தது. மண் போட்டு முடிந்ததும் பெனடிக்ற் ஊர் வழக்கப்படி ஒருவரிடமும் விடைபெறாமல் சவக்காலையை விட்டு வெளியே வந்தான். செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது அல்லவா? நேரே ரயில் ஏறி, பிளேஸ்டோவில் வீட்டுக்குப் போய்த் தலை முழுகினான். எல்லாம் ஒழுங்காய்ச் செய்தேன் என்று அன்றைக்கு அவனுக்குத் திருப்தி. பாவி மனிதன்!

சில நாள் கழித்து ரெமெடியோஸ் அவனை வீட்டுக்கு அழைத்தாள். கதிரையில் கம்பளி போர்த்து இருந்த தாய் அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“அன்றைக்கு ஏன் கடையைப் பூட்டினாய்?” என்று ரெமெடியோஸ் கேட்டாள்.

“மரியாதைக்கு” என்றான். துக்க வீட்டில் நெருப்பு மூட்டமாட்டோம், இறைச்சி தொடமாட்டோம், நேரே வீட்டுக்குப் போய் முழுகுவோம் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

ரெமெடியோஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கோபமாக இருந்தவளுக்கு இப்போது அழுகைதான் வந்தது.

“எங்களுக்கு நேரே வீட்டுக்குத்தான் போகக்கூடாது, பென். போனால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். வழியில் எங்காவது சேர்ந்திருந்து, சாப்பிட்டு, கதைத்து, அவரை அங்கே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். கறுப்பு உடுப்போடு கூட்டமாகக் கடைக்கு வருகிறவர்களை நீ கண்டதில்லையா?”

கண்டிருக்கிறான். எத்தனையோ முறை. செத்தவீட்டுக்குப் போய்விட்டு வந்து கோழி தின்று சிரிக்கிறார்களே, வெட்கமில்லாத சனம் என்று கரியைக் கிளறிக்கொண்டே நினைத்திருக்கிறான். ஏன் என்று அக்காவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

“எல்லோரும் ஷட்டருக்கு முன்னால் மழையில் நின்றோம். நீ வருவாய் என்று நின்றோம். அம்மா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதம். நடுங்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் எதிர்க்கடைக்குள் போய் இருந்தோம்.”

“இன்றைக்கே நெருப்பு மூட்டுகிறேன்” என்றான் பெனடிக்ற். “எல்லோரையும் கூப்பிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நானே சமைத்துப் போடுகிறேன்.”

ரெமெடியோஸ் அதைத் தாய்க்குச் சொன்னாள். கிழவி முதல்தடவையாக அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் மெதுவாக, நெடுநேரம் தன் மொழியில் பேசினாள். ரெமெடியோஸ் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“நான் ஊருக்குத் திரும்பிவிடுவேன். என் மகள் இங்கே தனியே கிடப்பாள். அவளை அவளுடைய கடையிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அங்கே நெருப்பு இருக்கும், அவளுக்குப் பிடித்த வாசனை இருக்கும், நீ இருப்பாய் என்று நினைத்தேன்.”

“அம்மா, நான் இப்போதும்…”

“அது ஒருமுறைதான், மகனே. எங்கே இருந்து சாப்பிட்டோமோ அங்கேதான் அவள். அந்த எண்ணெய்க் கடையில், யாரோ துடைக்காமல் விட்ட மேசையில், என் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.”

ரெமெடியோஸால் மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. கிழவியே தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பொறுக்கிச் சொன்னாள்.

“உன் கடை வெறும் கடை. அவள் அங்கே இல்லை. விற்கச் சொல்லிவிட்டேன்.”

பெனடிக்ற் மன்றாடவில்லை. அவள் சொன்னதை அவன் முழுக்க நம்பினான், அதுதான் கொடுமை. சட்டைப் பைக்குள்ளிருந்த சாவியை எடுத்துக் கிழவியின் மடியில் வைத்துவிட்டு, அவளுடைய காலடியிலேயே இருந்து, எல்லோரும் கேட்க வாய்விட்டு அழுதான்.