நின்றபடி எண்ணிய நாடி

ஜவஹரின் செய்முறைப் பதிவேட்டை விரிவுரையாளர் சங்கரன் இரண்டு முறை படித்தார். ஒருமுறை படித்தால் போதும் என்கிற அளவுக்கே அதில் எழுத்து இருந்தது. ஆகவே அவர் மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனதும் ஜவஹர் மேசைக்கு இன்னும் சற்று அருகே நகர்ந்தான்.

"இருபது பேரும் ஜவுளிக்கடை ஆளா?"

"ஆமா சார். எங்க கடைதான். பாண்டி பஜார்."

"நாள் பூரா பண்டல் தூக்கறவா. பெட்டி மேல ஏறி இறங்கி மூணரை நிமிஷம் ஆகியும் ஒருத்தருக்கும் நாடி தணியலைன்னு எழுதியிருக்கே. எண்ணறச்சே உட்கார வெச்சியோ?"

"இல்ல சார். நிக்க வெச்சுத்தான்."

"ஏன்?"

பாடநூலில் 'நாற்காலியில் அமர்த்தி' என்று தெளிவாகவே இருந்தது. அந்த வரியின் கீழ் ஜவஹர் கோடும் போட்டிருந்தான். ஆனால் கடை ஆள் ஒருவர் கடைக்குள் நாற்காலியில் அமர்ந்திருக்கும் காட்சி, பிறந்தது முதல் இருபது ஆண்டுகளில் ஒருமுறையும் அவன் கண்ணில் பட்டதில்லை.

"கடை ஆளுங்க சார்," என்றான்.

சங்கரன் பதிவேட்டை மூடி அவன் பக்கம் தள்ளினார். "திங்கட்கிழமை கார்த்தால இருபது பேருக்குப் புதுசா எண்ணிக் கொண்டு வா. உட்கார வெச்சு. இல்லேன்னா செய்முறைப் பரீட்சை கிடையாது."

அன்று வெள்ளிக்கிழமை. பரீட்சை எழுதாவிட்டால் ஓராண்டு போகும். ஓராண்டு போனால் கல்லூரியே போகும். உடற்கல்விக் கல்லூரியில் சேர்க்கும்போதே அவன் தந்தை நல்லசிவம் அந்த நிபந்தனையை விதித்திருந்தார். ஒரு பரீட்சை தவறினாலும் கல்லாவுக்கு அடுத்த மேசை ஜவஹருடையது.

சோதனை எளிதானதுதான். இருபது அங்குல உயரமுள்ள பெட்டியின்மேல் நிமிடத்துக்கு முப்பது தடவை ஏறி இறங்க வேண்டும். ஐந்து நிமிடம், அல்லது களைக்கும் வரை. பிறகு அமர வைத்து, இடைவெளிவிட்டு மூன்று தடவை நாடியை எண்ண வேண்டும். நாடி எவ்வளவு விரைவில் தணிகிறதோ அவ்வளவு உயர்ந்த உடல்தகுதி எண் கிடைக்கும். பெட்டி கடையிலேயே இருந்தது. ஆட்களும் இருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிமுதல் நான்கு மணிவரை வியாபாரம் மந்தம். குறுக்கே நின்றது நாற்காலி மட்டுமே.

சனிக்கிழமை காலை கல்லாவின் அருகே நின்று தந்தையிடம் நாற்காலி கேட்டான்.

"நாற்காலி, துணி வாங்க வாரவங்களுக்குப் போட்டிருக்குல," என்றார் நல்லசிவம். "கடை ஆளு உக்காந்திருந்தா ரோட்டுல போறவன் என்ன நினைப்பான்? இந்தக் கடையில யாவாரம் இல்லன்னு நினைப்பான்."

"மூணரை நிமிஷம்தான்பா."

"மூணரை நிமிஷத்துல எத்தன பேரு போவான் தெரியுமா? ஆமா, இத எண்ணி என்ன ஆவப்போற?"

"பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர் ஆகலாம். காலேஜுன்னா அதுக்கு மேல. ரயில்வேயில பயிற்சியாளர் எடுக்கிறாங்க. இன்னும் படிச்சா, ஆஸ்பத்திரியில அடிபட்டுக் கிடக்கிறவங்கள நடக்க வைக்கிற வேலை. நான் அதுக்குத்தான் போகணும்."

"நடக்கத் தெரியாமப் படுத்தவனுக்கு உன்னத் தெரியணும். சேல வேணுங்கிறவளுக்கு நம்ம கடை ஏற்கெனவே தெரியும்."

வாதம் அத்துடன் முடிந்தது. மேல் தட்டில் வாயில் ரகப் பருத்திப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்த பொன்னுரங்கம் மட்டும் அடுக்குவதை நிறுத்தியிருந்தார். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து ஒன்பது ஆண்டுகளாக நடந்தே வேலைக்கு வருபவர். முதல் சோதனையில் ஐந்து நிமிடமும் நிற்காமல் ஏறியவரும் அவரே.

"இன்னா தம்பி, மொகம் டல்லா கீது," என்றார் இறங்கி வந்து. "நாக்காலி வாங்க வர்றவங்களுக்கு. அதானே சொன்னாரு?"

"அதான் சொன்னாரு."

"அப்ப வுடு."

இரண்டு மணிக்குப் பொன்னுரங்கம் கைக்குட்டைப் பிரிவுக்குப் போய்ச் சக ஊழியரிடம் நீலக் கரை போட்ட ஒன்றை எடுக்கச் சொன்னார். பில் போடச் சொன்னார். பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஏறி இறங்கினார். பிறகு, கடையின் நடுவே மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

நல்லசிவம் தலை நிமிர்ந்தார். "ஏம்பா, பொன்னுரங்கம்."

"கர்ச்சீப் வாங்க வந்தேன் மொதலாளி. பில்லு கீது. இன்னொரு தினுசு பாக்கலாம்னு குந்திக்கினு கீறேன்."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கப் பதினெட்டுப் பேர் வெவ்வேறு திசையில் பார்த்தார்கள். ஜவஹர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாங்க வந்தவரை எழுப்பும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நல்லசிவத்துக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

"வந்தவங்களுக்குச் சோடா வேணுமான்னு கேளுங்க," என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

சனி, ஞாயிறு இரண்டு பிற்பகல்களில் கடையின் கைக்குட்டை இருப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. நின்றபோது தணியாத நாடிகள் உட்கார்ந்ததும் ஒழுங்காகத் தணிந்தன. பொன்னுரங்கத்தின் உடல்தகுதி எண், கல்லூரி ஓட்டக்காரர்களுடைய எண்ணைவிடச் சிறப்பாக இருந்தது. செய்தி கேட்டதும் அவர், "இது பெரிய விசயமா? தெனம் நடந்துக்கினு வந்தா உனுக்கும் வரும்," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பதிவேட்டில் பத்தொன்பது பெயர்களே இருந்தன. இருபதாமவர் தங்கை திருமணத்துக்காகச் சனி காலையே நாகர்கோவில் போய்விட்டார். ஜவஹர் கடைசி வரிசையை வெறுமையாக விட்டுப் பேனாவை மூடினான்.

"ஒண்ணு குறையுதோ?" என்றார் நல்லசிவம்.

"ஆமாப்பா."

"எத்தன வயசு வரைக்கும் எடுக்கலாம்?"

"அம்பது."

"எனக்கு நாப்பத்தெட்டு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின்மேல் ஏறினார். ஜவஹர் கைதட்டித் தாளம் கொடுத்தான். ஒன்றே முக்கால் நிமிடத்தில் நல்லசிவம் நின்றார். களைத்தால் நிறுத்தலாம் என்பது விதியிலேயே இருந்ததால் எவரும் எதுவும் சொல்ல நேரவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தார். மகன் மணிக்கட்டைப் பிடித்து மூன்று தடவையும் எண்ணி எழுதினான்.

"எவ்வளவு வந்திருக்குல?"

"நல்லாயில்லப்பா."

"நல்லாயில்லன்னா?"

"பொன்னுரங்கத்துக்குப் பாதிகூட இல்ல. உக்காந்தே இருக்கீங்க."

நல்லசிவம் மூச்சு சீராகும்வரை எழவில்லை. சாலையில் போனவர்களில் இரண்டொருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனித்தார், பொருட்படுத்தவில்லை.

"இத எப்படிச் சரி பண்ணுறது?"

"அது அடுத்த வருஷப் பாடம்பா."

அவர் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்போ அதையும் படிச்சிட்டு வந்து சொல்லு," என்றவர், கல்லாவுக்குப் போகாமல் வாசல்வரை ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.