ஜெபத்தில் திறந்த கண்

ஆலயத்துக்குப் பின்னாலிருந்த கூடத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவளுக்கு வாரநாட்களில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. அதனால் பிள்ளைகளுக்கு அவள் மெஷின் அக்கா. பைபிளோடு ஏதாவது ஒரு பாகத்தையும் எடுத்துவருவது அவள் வழக்கம். அன்றைக்கு ஒரு கைமெஷினையே தூக்கி வந்திருந்தாள். ஒரு தையற்காரருடையது, மறுநாள் காலையில் திருப்பித் தர வேண்டியது.

“ஊசியில இருக்கிறது மேல்நூல். கீழே இந்த எஃகுக் கிண்ணத்துக்குள்ள, பாபின்கிற குட்டி உருளையில இருக்கிறது அடிநூல்,” என்று கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினாள். “மேல்நூல் கீழே போய் அடிநூலைக் கட்டிப்பிடிச்சு மேல வந்தாத்தான் தையல். அடிநூல் இல்லாம ஓட்டிப் பாருங்க, துணியில ஓட்டைதான் விழும். ஆண்டவர்கிட்ட நாம மன்னிப்புக் கேக்குறது மேல்நூல். நம்மள நோகடிச்சவங்கள நாம மன்னிக்கிறது அடிநூல். ஜெபத்துல ரெண்டும் சேர்ந்தே வரும்.”

“என் தம்பியை மன்னிச்சு மன்னிச்சு எனக்கு அடிநூலே தீந்துபோச்சுக்கா,” என்றாள் வகுப்பின் வாயாடி.

“தீந்தா மறுபடி சுத்திக்கணும்.”

“நாளைக்கும் கடிப்பானே.”

“நாளைக்கும் சுத்து. ஆனா கையைத் தூரமா வச்சுக்கோ.”

தண்ணீர் குடிக்க எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளும் போனாள். திரும்பி வந்தபோது மேஜைமேல் கிண்ணம் இல்லை. அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

அவள் கண் நேராகப் புதுசிடம் போய் நின்றது. இந்த மாதம்தான் வந்து சேர்ந்த சிறுமி அவள். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவளுடைய அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள்: “இவளுக்குக் கை கொஞ்சம் நீளம். இங்கயாவது திருந்துறாளான்னு பாப்போம். இன்னொரு புகார் என் காதுல விழுந்துச்சுன்னா எங்கயும் அனுப்ப மாட்டேன்.”

சந்தேகம் ஒருமுறை தலைக்குள் ஏறிவிட்டால், தனக்கு வேண்டியதை மட்டுமே பொறுக்கும். வாயாடியின் பை புடைத்துக்கொண்டிருந்தது. அது மெஷின் அக்காவின் கண்ணில் படவில்லை. புதுசின் மூடிய இடது கை மட்டும் பட்டது. ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்டால், இந்தப் பெண் இங்கே வருவது இன்றோடு சரி.

“எல்லாரும் கண்ணை மூடுங்க,” என்றாள். “கிண்ணத்தை யார் எடுத்திருந்தாலும் மேஜைமேல வச்சிடுங்க. நானும் மூடிக்கிறேன். அது ஆண்டவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

சொல்லிவிட்டு ஜெபிக்கத் தொடங்கினாள். கண்ணை மூடியதுபோலவும் இருக்க வேண்டும், பார்க்கவும் வேண்டும் என்றால் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும்; இல்லாவிட்டால் இமைமுடி மறைக்கும். அவள் சாய்த்தாள்.

புதுசு பூனைபோல வந்து கிண்ணத்தை வைத்தாள். திரும்பும்போது நிமிர்ந்து பார்த்தாள். இருவர் கண்ணும் நேருக்கு நேர் மோதின. மெஷின் அக்கா ஜெபத்தில் ஒரே வரியை இரண்டு முறை சொன்னாள். பிறகு எப்படியோ ஆமென் வரை போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் புதுசின் அம்மா காத்திருந்தாள். மகள் வந்ததும் முதல் வேலையாக அவளுடைய பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தாள்.

“டீச்சர், ஏதாச்சும் காணாமப் போச்சா?”

புதுசு தரையைப் பார்க்கவில்லை. டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் இருக்கும்மா. ஒண்ணும் குறையல.”

அம்மா நம்பினாளோ என்னவோ, சைக்கிள் பூட்டைத் திறக்கப் போனாள். புதுசு கிட்டே வந்தாள்.

“அப்புறமாச் சொல்லிடுவீங்களா?”

“சொல்ல மாட்டேன்.”

“பாக்க மாட்டேன்னும்தான் சொன்னீங்க.”

மெஷின் அக்கா அவள் உயரத்துக்குக் குனிந்தாள். “சொன்னேன். சொல்லிட்டுப் பாத்தேன். நீதான்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். அது தப்பு. மன்னிச்சிடும்மா.”

“எடுத்தது நான்தானே?”

“அது உன் தப்பு. நான் என்னுதைச் சொல்றேன்.”

அந்தப் பெண், கடையில் பழத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா அங்கிருந்து கூப்பிட்டாள். புதுசு இரண்டடி போய்த் திரும்பினாள்.

“யோசிச்சு அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்,” என்றாள்.