ஞானத்தாய் மடி

ஐரீன் ஒரு கையில் பாப்பாவையும் இன்னொரு கையில் அரிசிப் பையையும் தூக்கிப் பார்த்தாள். பைதான் கொஞ்சம் லேசாக இருந்தது. இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டு வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டாள். வாசலில் ஹெரால்டு கார் நின்றது. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் லியோனார்ட் பழசாக வாங்கி, புதுசு மாதிரி துடைத்துக் கொண்டுவந்திருந்தான். சாயங்காலம் ராயபுரம் கோயிலில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். எண்ணூரிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம் என்று ஐரீன் சொல்லிப் பார்த்தாள். எஞ்சின் கரி பட்டு வெள்ளைக் கவுன் என்னத்துக்கு ஆகும் என்று எல்லாருமாய் அவள் வாயை அடைத்துவிட்டார்கள்.

காரென்றாலே அவளுக்கு ஆகாது. எப்படி ஆகும்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த பிள்ளை போனது டாக்சியில்தான். திருவொற்றியூர் ஹைரோட்டில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தான். மடியில் இருந்த கைக்குழந்தை அடுத்த நொடி மடியில் இல்லை. டாக்சிக்கு ஒரு கீறல் கிடையாது, இவளுக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. அதனாலேயே பேச்சு வளர்ந்தது. மண் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே புருஷன் கஸ்பாரின் அக்கா சிலுவையம்மாள், வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற மாதிரி, "பெத்தவ கை கெட்டியா இருந்தா புள்ள எப்பிடிடி போவும்?" என்று கேட்டாள். கஸ்பார் பக்கத்தில்தான் இருந்தான். பீடியைப் பற்றவைத்தானே தவிர வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிலுவையம்மாள்தான் இன்றைக்குப் பாப்பாவைக் கோயிலில் ஏந்தி நிற்கப்போகும் ஞானத்தாய். ஞானத்தாய் மடியில் ஏறித்தான் பிள்ளை கோயிலுக்குப் போகவேண்டும். அந்தக் குடும்பத்தில் அது மாறாத வழக்கம். ஐரீனோ, கப்பலில் வந்த சின்ன நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டினால்தான் பாப்பா வாசலைத் தாண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காருக்குள் வைப்பதற்கென்றே செய்த நாற்காலி அது. இரும்புக் குழாயில் கான்வாஸ் தைத்து, இடுப்புக்கும் தோளுக்கும் வார் வைத்தது. ஹார்பரில் வந்திறங்கிய வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வேண்டாமென்று விட்டுப்போனதைக் கஸ்பார்தான் தூக்கிவந்திருந்தான்.

"மடிய வுட பத்திரமா எது கீது? புள்ளய கட்டிப்போட அது இன்னா திருடனா?" என்றாள் சிலுவையம்மாள்.

"மொதல்ல அரிசிய வெச்சிப் பாப்போம் அண்ணி," என்றாள் ஐரீன்.

சரக்குக் கட்டுவதுதான் கஸ்பாருக்கு ஹார்பரில் வேலை. கடல் எந்தப் பக்கம் புரட்டினாலும் கப்பலுக்குள் இருக்கிற பெட்டி நகராதபடி தளத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவான். அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு. டிரைவர் பக்கத்து சீட்டில் நாற்காலியை வைத்து, கயிற்றைச் சீட்டு முதுகோடு சுற்றிச் சுற்றி இறுக்கினான். அரிசிப் பையை வாரில் பூட்டினான். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தான்.

"கப்பலே கவுந்தாலும் இது அசையாது."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஃபேக்டரி ரோட்டில் ஈ காக்கை இல்லை. டிரைவர் பக்கமாக ஏறி ஐரீன் பின்னால் உட்கார்ந்தாள். லியோனார்ட் கொஞ்ச தூரம் நிதானமாகத்தான் ஓட்டினான். அப்புறம் சட்டென்று பிரேக்கை மிதித்தான். கட்டு அவிழவில்லை, வார் அறுந்துபோகவில்லை. சீட்டே முதுகோடு முன்னால் கவிழ்ந்து, நாற்காலியும் அரிசியும் டேஷ்போர்டில் போய் மோதின. இரண்டு கதவு கார். பின்னால் ஏற இறங்க அந்த சீட்டு மடிந்தாகவேண்டும். காலையிலிருந்து எல்லாரும் அதை மடித்துத்தான் ஏறி இறங்கியிருந்தார்கள். ஆனாலும் கஸ்பாருக்கு அது உறைக்கவில்லை. கப்பல் தளம் என்றைக்கு மடிந்திருக்கிறது?

ரோட்டோரம் பாப்பாவோடு நின்றிருந்த சிலுவையம்மாள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப பாப்பா இருந்திருந்தா மூஞ்சி இன்னாத்துக்கு ஆயிருக்கும்? போதும்டி உன் பேஜாரு. நான் புடிச்சிக்கிறேன்."

"அக்கா சொல்றதுதான் சரி, ஐரீன்," என்றான் கஸ்பார்.

ஐரீன் கவிழ்ந்த சீட்டை நிமிர்த்தினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று தான் நிற்பதாக இவர்கள் நினைப்பது அவளுக்குத் தெரியாமலில்லை. பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. போனால் இந்தப் பழி கல்லறை வரைக்கும் கூடவே வரும். அவள் வாரை அவிழ்த்து அரிசிப் பையை எடுத்தாள்.

"அப்ப இத்த உங்க மடியில வெச்சிக்குங்க அண்ணி. பாப்பான்னு நெனச்சிக்கினு கெட்டியா புடிங்க."

சிலுவையம்மாள் முறைத்தாள். ஆனால் ரோஷக்காரி. பாப்பாவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி, பையை மார்போடு சேர்த்து, இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். லியோனார்ட் தங்கச்சி முகத்தைக் கண்ணாடியில் பார்த்தான். அவள் தலையசைத்தாள். காரைப் பின்னால் எடுத்துப்போய், போனமுறை வந்த அதே வேகத்தில்தான் வந்தான். கஸ்பார் நின்ற இடத்துக்கு நேராக வந்ததும் மிதித்தான்.

பை முன் சீட்டின் முதுகில் அடித்து, முடிச்சு தெறித்து, அரிசி கீழே கொட்டியது. சிலுவையம்மாளின் கைகள் கோத்தது கோத்தபடி இருந்தன. அந்தக் கைகளுக்குள் ஒன்றுமில்லை. அவள் குனிந்து மடியைப் பார்த்தாள். அப்புறம் காலடியைப் பார்த்தாள்.

"நான் புடிச்சிக்கினுதாண்டி இருந்தேன்," என்றாள். குரல் எழும்பவில்லை.

"நானும் புடிச்சிக்கினுதான் அண்ணி இருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே கஸ்பார் பாப்பாவோடு நின்றிருந்தான். பாப்பா அவன் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. உள்ளே பேசியது அவனுக்குக் கேட்டிருந்தது.

பெண்கள் இறங்கியதும் பாப்பாவை ஐரீன் கையில் கொடுத்துவிட்டு அவன் காருக்குள் குனிந்தான். முன் சீட்டில் போட்ட கட்டுகளையெல்லாம் அவிழ்த்தான். பின் சீட்டின் முதுகு மெத்தையைக் கழற்றி, அதற்குப் பின்னால் காரோடு காராக ஓடிய இரும்புச் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தான். நாற்காலியை அந்தச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினான். முழங்காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தான். கார்தான் குலுங்கியது, நாற்காலி இம்மியும் நகரவில்லை.

"போதும் மாப்ள, நேரமாவுது," என்றான் லியோனார்ட்.

கஸ்பார் விடவில்லை. முடிச்சு இறுகி வெகுநேரமாகியும் கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்தால் ஐரீனைப் பார்க்கவேண்டும். அவள் பாப்பாவை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவன் பிடரியைப் பார்த்தபடி கதவருகே நின்றாள்.