முதலில் கப்பல்

புத்தாண்டு காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த விண்ணரசி, புடவையைக்கூட மாற்றாமல் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். நாகப்பட்டினத்தில் நர்ஸாக இருக்கும் கல்லூரித் தோழி ஜெனிட்டா காத்திருப்பாள். வருடம் பிறந்ததும், இந்த ஆண்டில் என்னென்ன படிக்கப் போகிறோம் என்று இருவரும் சொல்லிக்கொள்வது வழக்கம். எழுதி அனுப்பினால் விண்ணரசிக்குத் திருப்தி வராது. பேசித்தான் அனுப்புவாள்.

அன்றும் மூச்சுவிடாமல் பேசினாள். நாரைகளைப் பற்றி ஒரு புத்தகம், ஒரு கல்யாணச் சமையல்காரரின் வாழ்க்கைக் கதை, பழைய ஏரிகளைப் பற்றி ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போய், ரொம்ப ஆசையாக வைத்திருந்த நாவலுக்கு வந்தாள். சின்ன நாவல்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டைவிட்டுக் கிளம்பிய பெண் ஒருத்தி, கூடையில் ஒரு கோழியோடு துறைமுகத்தில் நிற்கிறாள். கப்பல் சங்கு ஊதிவிட்டது. அவளிடம் டிக்கெட் இல்லை. பின்னட்டையில் இருந்தது அவ்வளவுதான். அதை விண்ணரசி சொன்ன விதத்தில் அவளுக்கே புல்லரித்தது.

அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோதுதான், அது ஜெனிட்டாவுக்குப் போகாமல் ஊர் வாய்க்கால் பாசனக் குழுவுக்குப் போயிருப்பது தெரிந்தது. அவளுக்கும் அங்கே மூன்று ஏக்கர் சம்பா நின்றது. மதகு திறந்த சேதி, யார் வயலுக்குத் தண்ணீர் முறை என்பதைத் தவிர அந்தக் குழுவில் வேறு எதுவும் வரக்கூடாது. காலை வணக்கம் போட்டவரையே வெளியேற்றியவர், குழுவை நடத்தும் வைரக்கண்ணு. விண்ணரசி அவசரமாக அழித்தாள். உடனே வைரக்கண்ணுவே கூப்பிட்டார்.

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவளை அவர் பேசவிடவில்லை.

"ஏம்மா அழிச்ச? நான் பாதிதான் கேட்டேன். அந்தப் பொண்ணு கப்பல் ஏறுனாளா இல்லையா?"

"இன்னும் படிக்கல பெரியப்பா. இந்த வருஷம் படிக்கப் போறதத்தான் சொன்னேன். மத்ததெல்லாம் முடிச்சு அதுக்கு வர அக்டோபர் ஆயிடும்."

அதுவரைக்கும் அந்தப் பெண் கோழியை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டுமா என்று அவர் கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார். பேசியதை மறுபடியும் குழுவில் போடச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் ஊரே கேட்டுவிட்டது. தன் வயலில் வந்து இறங்கும் சாம்பல்நிறப் பறவைக்கு அந்த நாரைப் புத்தகத்தில் பெயர் இருக்குமா என்று உரக்கடை சேக் தாவூது விசாரித்தார். புருஷன் போனில் கேட்ட ஒருத்தி, சமையல்காரர் கதையைத் தனக்கும் இரவல் தரச் சொன்னாள். எல்லாருக்கும் முதலில் தெரியவேண்டியிருந்தது மட்டும் அந்தப் பெண்ணின் கதிதான். கடைசியில் வைரக்கண்ணு, தண்ணீர் முறை அறிவிப்பதைப் போலவே, 'முதலில் கப்பல்' என்று குழுவில் போட்டார். தனக்கு வரவேண்டியது தனக்கே கடைசியில் வந்தது என்று ஜெனிட்டா சாயங்காலம் வரை கோபித்துக்கொண்டாள். விண்ணரசிக்குச் சிரித்து மாளவில்லை.

மறுநாள் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினாள். புத்தகக் கடையில் அந்த நாவல் ஒரே ஒரு பிரதிதான் இருந்ததாம், காலையில் விற்றுப்போய்விட்டதாம். கடை திறக்கும் முன்னாலேயே ஒரு பெரியவர் தலைத்துண்டோடு வாசலில் வந்து நின்றார் என்று கடைக்காரர் சொன்னார். யார் என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

நேராக வைரக்கண்ணு வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி பிரகதாம்பாள், மனிதர் சாப்பிடாமல்கூட வயலுக்குப் போய்விட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டு சோற்றுத் தூக்கைக் கையில் கொடுத்தாள்.

வரப்புமேட்டில் உட்கார்ந்து அவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் வயலுக்கான முறை எப்போதோ முடிந்திருந்தது. மடையை அடைக்க மறந்ததில் தண்ணீர் நிரம்பிப் பக்கத்து வயலுக்கு வழிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் முறை சொல்பவர் நிமிரவே இல்லை. விண்ணரசியே மண்வெட்டியை எடுத்து மடையை அடைத்தாள்.

"என்ன ஆச்சு பெரியப்பா?"

"சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, இரு."

எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறை சிரித்தார். ஒருமுறை தொடையில் தட்டிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினார்.

"சீக்கிரம் படிச்சுட்டு வாம்மா. யார்கிட்டயும் சொல்லாம என்னால இருக்க முடியாது."

அங்கேயே பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். வெளிச்சம் குறைந்ததும் வீட்டுக்குப் போய்த் தொடர்ந்தாள். மறுநாள் மத்தியானம் முடித்த கையோடு அவர் வீட்டுக்கு ஓடினாள். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

உள்ளேயிருந்து பிரகதாம்பாள் ஈரக்கையோடு வந்தாள்.

"பேசாம இருங்க ரெண்டு பேரும். நான் இன்னும் படிக்கல."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.