சூடு ஆறட்டும்

வேனின் பின்கதவைத் திறந்ததும் நானும் என் கொழுந்தனும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தோம். ஓட்டுநர் மாமா கீழே நின்று, “மூச்சைப் பிடிங்க. ம், தூக்கு!” என்றார். எங்கள் சின்ன உலை எழுந்தது. என் இடுப்பு ஒருமுறை முனகியது. பொழுது இன்னும் புலரவில்லை. எரிந்த எண்ணெயின் நாற்றமும், இரவு ஷிஃப்ட் முடிந்தவர்களின் வியர்வையும், முந்தைய இரவு பெய்த மழையின் ஈரமும் ஒன்றாகக் கலந்து பட்டறை வாசலில் எங்களை வரவேற்றன.

எங்கள் தொழிலைச் சொன்னால் பலருக்கு விளங்காது. இரும்புப் பாகங்களைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் பட்டறை இது. உள்ளே பெரிய உலை இருக்கிறது. அதன் வயிற்றுச் சூட்டை ஒரு கம்பி அளந்து சொல்கிறது. அந்தக் கம்பி உண்மை பேசுகிறதா, புளுகுகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அந்தக் கம்பியைச் செருகிப் பார்க்க நாங்கள் பட்டறை பட்டறையாகச் சுமந்து திரியும் சின்ன உலைக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தோம். சமமான இடத்தில் உட்கார வைக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, கோபம் வந்தால் யாரும் கிட்டே போக முடியாது. வேறு என்ன பெயர் வைப்பது?

தரையில் செங்கல் பரப்பி, மட்டம் பார்த்து, மாப்பிள்ளையை உட்கார வைத்தோம். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளித்தான். அடியில் இருக்கும் விசிறிக்குக் காற்று வேண்டும். தலைக்கு மேலே ஒயரோ தார்ப்பாயோ தொங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளக்கில் எர்த் இருக்க வேண்டும். சூடு ஏற ஏற, உள்ளே இருக்கும் பீங்கான்கூட மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். எர்த் இல்லாத உலையில் கம்பியைச் செருகுகிறவன் கதி அதோகதிதான். நான் சோதித்து முடிக்கும்வரை கொழுந்தன் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“இளஞ்சூட்டுல வை தம்பி. ராத்திரி நம்ம ஷெட் ஒழுகியிருக்கு. உள்ள ஈரம் இருக்கும். முதல்ல காயட்டும்” என்றேன்.

“சரி அண்ணி.”

தினமும் காலையில் நாங்கள் கிளம்பும்போது இவன் மனைவி, என் ஓரகத்தி, படியில் நின்று சொல்லும் சொல் ஒன்றுதான்: “அக்கா, அவரைக் கொஞ்சம் பாத்துக்கோங்க.” இவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவன் உலைக்குப் பக்கத்தில் குனியும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்தான் என் காதில் கேட்கும்.

பெரிய உலையில் வேலை செய்பவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் ‘புருவம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குப் புருவமே கிடையாது. சில வாரங்களுக்கு முன் பெரிய உலையின் கதவைத் திறந்தபோது, கம்பி சொன்ன சூட்டைவிட நிஜச் சூடு அதிகமாக இருந்து, தீ நாக்கு வெளியே வந்து அவர் முகத்தை வழித்துவிட்டுப் போயிருந்தது.

“நல்லா பாரு தங்கச்சி. என் புருவத்தைத் தின்ன கம்பி அதுதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருவரும் பெரிய உலையின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

உலை காய்ந்துகொண்டிருக்கும்போதே எங்கள் கம்பெனி முதலாளியின் போன் வந்தது.

“இன்னுமா காய வைக்கிறீங்க? அது என்ன துணியா?”

“ஈரம் இருக்கு சார். எடுத்ததும் சூட்டை மேல ஏத்தினா உள்ள வெடிப்பு விடும். ஷாக் அடிக்கும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும். மதியம் அடுத்த பட்டறையில இருக்கணும். சொல்லிட்டேன்.”

“சார், வேலை முடிஞ்சாலும் இது ஆறுறதுக்குச் சாயங்காலம் ஆகும்.”

“வழியில ஆறட்டும்.”

“சூட்டோட தூக்கி வண்டியில வைக்கவா சார்?”

“நம்ம ரெண்டாவது வேன்காரங்க வைக்கிறாங்களே! உங்களுக்கு மட்டும் என்ன? முடியாதுன்னா சொல்லு. முடியும்னு சொல்றவங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க.”

போனை வைத்துவிட்டார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு பட்டறைதான். மாலையில் உலை ஆறும், நாங்கள் டீ குடிப்போம், பிறகு ஏற்றுவோம். இப்போது ஒரே நாளில் இரண்டு. கூலி அதேதான். உலை ஆறுவதற்கு ஆகும் நேரத்தை முதலாளி எங்கள் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆனாலும் சோதனையை நான் அவசரப்படுத்தவில்லை. எண்ணூறு டிகிரி வரைக்கும் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து பார்த்தேன். பெரிய உலையின் கம்பி நாற்பது டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மாற்றச் சொன்னதும் புருவம் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டார்.

பிறகு உலையின் சூட்டைக் கீழே இறக்கினோம். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, கம்பிகளைச் செருகும் துளைகள் போட்ட இரும்புக் கட்டி முதலில் செக்கச்செவேல் என்றிருந்தது, பிறகு மங்கியது, பிறகு கறுத்தது. கறுத்துவிட்டால் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் இரும்பு. நிஜத்தில் நானூறு டிகிரி இருக்கும். முதலாளி மறுபடியும் போன் செய்தார். மறுபடியும். கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தான்.

“ஒரு தடவைதானே அண்ணி. எனக்கு வேலை போயிட்டா வீட்ல என்ன சொல்றது? எடுத்துடலாம்.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பிளக்கைப் பிடுங்கினேன். விசிறி நின்றது. திரை அணைந்தது. அதுவரைக்கும் தன் சூட்டை எண்ணில் சொல்லிக்கொண்டிருந்த உலை வாயை மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இனி அது எவ்வளவு கொதிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கைப்பிடிகூடச் சுட்டது. கையுறை போட்டுத் தூக்கி வேனில் வைத்து, கயிற்றால் கட்டினோம். நானும் கொழுந்தனும் பின்னால் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வேனுக்குள் காற்று அடுப்படிபோலக் கனத்தது. கொழுந்தன் நெற்றியில் வியர்வை கொட்டியது. மாமா வண்டியை எடுத்தார். அவர் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. “மெதுவா மாமா, மெதுவா” என்று நான் மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டறையின் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் ஒரு இறக்கம். சாலையில் ஒரு லாரி குறுக்கே வந்தது. மாமா பிரேக்கை மிதித்தார்.

சூட்டில் கருகியிருந்த கயிறு அறுந்தது. உலை முன்பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்த இரும்புக் கட்டி வழுக்கி வெளியே விழுந்து, மாமாவின் சீட்டுக்கு அடியில் உருண்டது. அங்கே எண்ணெய் துடைக்கும் பஞ்சு மூட்டை இருந்தது. கட்டி கறுப்பாகத்தான் இருந்தது. கொழுந்தனுக்கு அதன் சூடு தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் கை இத்தனை நாளும் திரையிலுள்ள எண்ணைப் பார்த்து அசையப் பழகிய கை. எண் இல்லை, சிவப்பும் இல்லை. பஞ்சு மட்டும் அவன் கண்ணில் பட்டது. பாய்ந்து கட்டியைப் பிடித்து இழுத்தான். கையுறை ஒரு நொடிகூடத் தாங்கவில்லை.

அவன் கத்தினான். அந்தக் கத்தலை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேனுக்குள் ரப்பர் விரிப்பு புகைந்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வெளியே குதித்தேன். மாமா அந்தப் பக்கம் குதித்தார். கேட் காவலாளி ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனிதர், உதவத்தான் வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“தண்ணி ஊத்தாதீங்க! ஐயோ, ஊத்தாதீங்க!” கையை விரித்துக்கொண்டு உலைக்கும் வாளிக்கும் நடுவில் போய் நின்றேன். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் நீராவி சீறிக்கொண்டு கிளம்பும், பீங்கான் சிதறும். “மண்ணு! மண்ணைக் கொண்டாங்க!”

புருவமும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். தீக்கு வைத்திருந்த மண்வாளிகளை விரிப்பின் மேல் கொட்டினார்கள். புருவம் தன் நீளமான இடுக்கியால் கட்டியைக் கவ்வி எடுத்துச் செங்கல் மேல் வைத்தார். அவரும் இன்னும் மூன்று பேரும் கனத்த உலைக் கையுறைகளோடு மாப்பிள்ளையை இறக்கி, கேட்டை ஒட்டிய கொட்டகையில் நிமிர்த்தி வைத்தார்கள். நான் கொழுந்தனைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். யாரோ பற்பசை கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஓடும் தண்ணீரில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். உள்ளங்கை வெளுத்துப் போயிருந்தது. சிவந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

“அண்ணி, அவகிட்ட இப்ப சொல்லாதீங்க” என்றான். அவன் பல் தந்தியடித்தது.

பட்டறை ஆள் ஒருவர் அவனைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நான் கொட்டகைச் சுவரில் உலையின் பிளக்கை மறுபடியும் செருகினேன். விசிறி ஓடத் தொடங்கியது. திரையில் எண் வந்தது. முந்நூற்று அறுபது.

மாமா போனில் விஷயத்தைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது.

“என்ன இது? கவனமா இருக்கத் தெரியாதா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரு, நாம எல்லாம் ஒரே குடும்பம். ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்ல சமைக்கும்போது சுட்டுடுச்சுன்னு சொல்லச் சொல்லு.”

“வீட்ல சமைக்கிறது நானும் என் ஓரகத்தியும் சார். அவன் இதுவரைக்கும் வெந்நீர்கூட வச்சதில்ல.”

“வாய்க்கொழுப்பு வேண்டாம். சரி, உலையை ஏத்துங்க. அங்க காத்திருக்காங்க. நீ பின்னால உக்காரு.”

அந்த வேனின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கருகிய விரிப்பு, மண், அறுந்த கயிறு. வேலை போனால் வீட்டில் இரண்டு சம்பளமும் போகும். இதெல்லாம் தெரிந்தும், அந்த வேனுக்குள் கால் வைக்க என்னால் முடியவில்லை.

“ஏற மாட்டேன் சார். ஆறட்டும்.”

“என்ன சொன்ன?”

“ஆறின பிறகுதான் ஏத்துவோம். எப்பவும். எந்த வேனா இருந்தாலும் சரி.” என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

“நானும் ஓட்ட மாட்டேன்” என்றார் மாமா.

“உனக்கு என்னய்யா வந்துச்சு? நீ முன்னாடிதானே உக்காந்திருக்க?”

“அந்தக் கட்டி என் சீட்டுக்கு அடியிலதான் சார் உருண்டு வந்துச்சு.”

முதலாளி பட்டறைக்காரர்கள் பக்கம் திரும்பினார். “நீங்க ரெண்டு பேர் வாங்கப்பா. தூக்கி வைங்க. நானே ஓட்டிக்கிறேன்.”

ஒருவரும் அசையவில்லை. ஷிஃப்ட் முடிந்த சைரன் ஊதியது. வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் சாப்பாட்டுப் பையோடு வந்து, போகாமல் கொட்டகையைச் சுற்றி நின்றார்கள்.

“இது ஆறாம கேட்டைத் தாண்டாது” என்றார் புருவம்.

“நீங்க வேற கம்பெனி ஆளுங்க. இதுல உங்களுக்கு என்ன?”

“இவங்க அரக்கப்பரக்கப் பாத்துட்டு ஓடினா எங்க உலை பொய் சொல்லும் சார். அது பொய் சொன்னா வேகுறது நாங்க. என் மூஞ்சியைப் பாருங்க. வேணும்னா கிட்ட வந்து பாருங்க.”

பட்டறையின் மேலாளர் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்கும் அவர் பயம். காவலாளி நடந்து போய்க் கேட்டைச் சாத்தினார்.

முதலாளியின் முகம் கறுத்தது. “நாளையிலேர்ந்து நீங்க மூணு பேரும் வர வேண்டாம். சாயங்காலம் ரெண்டாவது வேனை அனுப்பி உலையை எடுத்துக்கிறேன்” என்றார். காவலாளி கேட்டை கார் போகும் அளவுக்கு மட்டும் திறந்தார். கார் போனது.

நான் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் தானாக வந்தது. என்ன காரியம் செய்துவிட்டேன்! மூன்று பேர் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண், முன்பின் தெரியாதவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் வைத்தாள்.

வெயில் தாழ்ந்தது. எண் இருநூறுக்குக் கீழே வந்தது. அப்போது இரண்டாவது வேனின் ஆள் போன் செய்தார். முதலாளி எதைச் சொன்னாலும் சரி சார் சரி சார் என்பதால் அவரை நாங்கள் ‘தலையாட்டி’ என்போம். நான் பயந்துகொண்டே எடுத்து, எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன்.

“அம்மா, உங்க உலையைச் சூட்டோட எடுத்துட்டு வரச் சொல்றாரு.” என்றார் அவர். “நாங்க வரல. நேத்து எங்க வேன்லயும் விரிப்பு புகைஞ்சுது. மூணு பேரும் கால்ல மிதிச்சே அணைச்சோம். பயத்துல யார்கிட்டயும் சொல்லல. காலையில நீங்க எங்க நிக்கிறீங்க? நாங்களும் வர்றோம்.”

மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார். “நம்ம ஷெட் வாசல்லதான்யா. நாங்க வேலைக்குத்தான் வருவோம். ஆற வச்சு ஏத்துற வேலைக்கு. எங்க மூணு பேரையும் சேர்த்துக்காம ஒரு வேனும் கிளம்பாதுன்னு சொல்லுவோம்.”

“நாங்களும் ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் வந்துட்டுப் போறோம்” என்றார் புருவம்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முதலாளி புது ஆட்களைக் கொண்டு வரலாம். போலீஸைக் கூப்பிடலாம். பேசிக்கொண்டிருந்தபோதே போன் மறுபடியும் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என் ஓரகத்தி. யார் சொல்லியோ போய்ச் சேர்ந்திருக்கிறாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று காதில் வைத்தேன்.

“ஆஸ்பத்திரியிலேயே ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்கிறாங்க அக்கா. விரல் மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாதாம்.” அழுதாள். நானும் அழுதேன். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போனதையும், காலையில் ஷெட் வாசலில் நிற்கப்போவதையும் சொன்னேன்.

“நானும் வர்றேன்” என்றாள்.

“நீ எதுக்குடி? அவன்கூட இரு. அங்க என்ன ஆகுமோ. உனக்குப் பயமா இல்லையா?”

“பயமாத்தான் இருக்கு அக்கா. அதான் வர்றேன்.”