சொல் பிறக்குமுன்

கீழ்வானின் கருமை மெல்லக் கரைந்து செம்மை பரவ, நெடுந்தொலைவு ஓடிக் களைத்த தொடர்வண்டிகள் பெருமூச்செறிந்தபடி நிலையத்துள் நுழைய, அவற்றின் அதிர்வால் அருகிருந்த குடியிருப்பின் சாளரங்கள் யாவும் குளிரில் பல் நடுங்குவன போல் ஒலிக்கும் காலை வேளையில், நல்லீர், மூன்றாம் மாடியில் உள்ள சிற்றறை ஒன்றை நோக்குவீராக. அங்கே தையற்பொறியின் முன் அமர்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைப்பவள் அவ்வீட்டின் தலைவி. எதிர் நாற்காலியில் வாய் மூடி அமர்ந்திருப்பவர் அவள் கணவர். அந்நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வண்டிகளின் வரவும் புறப்பாடும் அறிவித்த குரலுக்கு உரியவர்.

அக்குரல் வீட்டிலும் ஓய்ந்ததில்லை. "பயணிகள் கவனத்துக்கு, இங்க ஒருத்தர் பசியோட அரை மணி நேரமா உக்காந்திருக்கார்" என்று அவர் முழங்குவார். "வண்டி தாமதமாத்தான் வரும், பொறுங்க" என்று அடுக்களையிலிருந்து அவள் விடையிறுப்பாள். அத்தகைய குரலை, மூளையில் உண்டான குருதியடைப்பு ஒரே நாளில் கவர்ந்து சென்றது. கையும் காலும் சில திங்களில் மீண்டன; நா மீளவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் மருத்துவர், படம் வரைந்த அட்டைக் கட்டொன்றைத் தலைவியிடம் தந்து, "ஒரு வருஷம்கூட ஆகலாம்மா. தினமும் காட்டிக் கேளுங்க. நடுவுல மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

ஒன்பது திங்கள் அவள் ஒருநாளும் தவறவில்லை. குடை, பூனை, கதவு என்று அவள் ஒவ்வோர் அட்டையாய் உயர்த்த, அவர் கழுத்து நரம்பு புடைக்க, நெற்றி வியர்க்க, கரையேற இயலாது மணலில் புரளும் அலை போல் முயன்று முயன்று, வெறும் முனகலாய் ஓய்ந்தார். ஒருநாள் காலை, அட்டைகள் அனைத்தையும் கையால் தள்ளித் தரையில் சிதறடித்து, முகத்தை மூடிக்கொண்டார். அவள் நெஞ்சு பிளந்தது. 'நானன்றோ இவரை வதைக்கிறேன்' என்று எண்ணினாள்.

"போதும்ங்க. இனிமே உங்கள வருத்த மாட்டேன்" என்று சொல்லி, அட்டைகளைப் பொறுக்கிப் பேழையில் வைத்து மூடினாள். அவர் தலை கவிழ்ந்தார். அதை அவள் நிம்மதி என்று கொண்டாள். மருத்துவரிடம் செல்வதையும் நிறுத்தினாள். பிறகு இரண்டாண்டுகள் அவ்வீட்டில் தையற்பொறியின் ஓசையன்றி வேறு பேச்சில்லை.

அந்நிலையில், தொலைவூரில் பேருந்து ஓட்டும் அவருடைய தங்கை, காலெலும்பு முறிந்து, ஒரு திங்கள் ஓய்வுக்காக அவ்வீடு வந்தாள். ஓய்வு என்பதையே அறியாத அப்பெண், பொழுது போகாது அண்ணனைச் சீண்டத் தொடங்கினாள். அவர் எதை எடுக்கக் கை நீட்டினாலும் முந்திப் பறித்து, "பேரச் சொல்லுண்ணா, தரேன்" என்பாள்.

"பாவம், அவர விட்டுடும்மா" என்று தலைவி இரங்குவாள்.

"நீங்க சும்மா இருங்கண்ணி. சின்ன வயசுல என்னை எவ்வளவு அழ வச்சிருக்கார் தெரியுமா?"

பத்தொன்பதாம் நாள், தலை வாரச் சீப்பை நாடியவரிடமிருந்து தங்கை அதைப் பறித்துக்கொள்ள, அவர் சினந்து, திணறி, உதடு குவித்து, "சீ... சீப்பு" என்றார். தையற்பொறி நின்றது. தங்கை சீப்பை அவர் கையில் வைத்துவிட்டு, தான் கேலி செய்ய வந்ததை மறந்து விம்மினாள்.

மறுநாள் தலைவி கணவரை அழைத்துச் செல்ல, மருத்துவர் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். "நீங்க கடைசியா வந்தப்பவே உதடு சேர ஆரம்பிச்சிருந்துதும்மா. இன்னும் சில வாரத்துல பேச்சு வந்துடும்னு எழுதியிருக்கேன். நானாவது தேடி வந்து சொல்லியிருக்கணும்" என்றார். இனி எவ்வளவு மீளும் என்று கேட்டபோது, கொஞ்சம்தான் என்று மெல்லச் சொன்னார்.

வீடு திரும்பியதும் தலைவி கணவரின் அருகமர்ந்து, இரண்டாண்டுகளாய்க் கேளாததைக் கேட்டாள். "அன்னைக்கு அட்டையெல்லாம் தள்ளி விட்டீங்களே. போதும்னுதானே தள்ளினீங்க?"

அவர் இல்லையெனத் தலையசைத்தார். நெடுநேரம் முயன்றார். "நா... நாளைக்கு" என்றார்.

இன்று இல்லை, நாளைக்கு. அவர் அன்று சொல்ல முயன்றது அவ்வளவே. அவள் தன்னைக் கண்டு சலித்துவிட்டாள் என்று அவரும், அவர் தன்னால் வருந்துகிறார் என்று அவளும் எண்ணி, ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினாலேயே வாய்மூடி வாழ்ந்திருந்தனர்.

இன்று அவர் நாவில் ஐம்பது சொற்கள் உள்ளன; அவற்றை அவள் பொன்னினும் அரியவாய்ப் போற்றுகிறாள். ஆயினும் பொறியை நிறுத்திவிட்டு அவள் வாளாவிருக்கும் பொழுதுகளும் உண்டு. நல்லீர், ஆற்றல் தீர்ந்து நின்றோரைக் காட்டிலும், ஒருநாட் களைப்பை முடிவென்று எண்ணி நின்றோரே இவ்வுலகில் மிகுதி. அவர்கள் நின்ற இடத்திற்கும் அடைய வேண்டிய இடத்திற்கும் இடையே கிடந்தது எத்துணைச் சிறு தொலைவென்று பின்னொருநாள் அறிவதைப் போல் கொடிய அறிவு பிறிதொன்றில்லை.