எத்தனையாவது சீட்டு

தம்பியின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைத் திணித்தார் அண்ணன்காரர். திணித்த வேகத்தில் உறை கிழிந்தது. நோயாளியை உட்காரவைக்கிற கை இல்லை அது, மூட்டை அடுக்குகிற கை.

"மெதுவாண்ணே. இப்பவே அனுப்பிடாத," என்றான் தம்பி.

காலையில் வந்த மருத்துவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடச் சொல்லியிருந்தார். தம்பியின் நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது.

தம்பி மேடையில் சீட்டு வித்தை காட்டிப் பிழைத்தவன். அண்ணன் ஆலை வாசலில் முப்பத்தோரு வருஷம், வேலை முடிந்து போகிறவர்களின் மடியையும் பையையும் தடவிப் பார்த்தவர். ஒரு திருகாணிகூட அவரைத் தாண்டி வெளியே போனதில்லை என்று பெயர். பெற்ற தாயே கையை மூடி வைத்திருந்தாலும் விரித்துக் காட்டச் சொல்கிற ஆள். அதனால்தான் எந்தப் புது வித்தையையும் தம்பி முதலில் அவரிடம் காட்டுவான். அந்தக் கண்ணுக்குத் தப்பினால்தான் மேடை.

எல்லாம் தப்பின, ஒன்றைத் தவிர. சீட்டுக்கட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரே ஒரு தடவை, மேல்சீட்டை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருப்பதை உருவிப் போட வேண்டும். போட்டு முடித்ததும் எத்தனையாவது என்று கேட்பான். அண்ணன் சரியாகச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னார். தம்பி விரல்நுனி தேயத் தேயப் பழகினான். சாப்பிடும்போதுகூட இடது கையில் கட்டு இருக்கும். ஆனால் மேடைக்கு அதைக் கொண்டுபோகவே இல்லை.

இப்போதும் சீட்டுக்கட்டை எடுத்தான். சாப்பாட்டுத் தட்டை மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒன்பது சீட்டு போட்டான். உடம்புதான் வற்றியிருந்தது. கை அதே கை.

"எத்தனையாவது?"

"தெரியல."

"வேணாம்ண்ணே. சாகப்போறவனுக்குப் பிச்சை போடாத."

மறுபடி போட்டான். மறுபடியும் தெரியவில்லை. அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், உடனே திறந்தார். அடுக்களைக்குப் போய்த் தம்பி பெண்டாட்டியிடம் மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டார், பதிலுக்கு நிற்காமல் திரும்பினார். உள்ளதைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். நம்பாமலே கண்ணை மூடிவிட்டால்? நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முள்மேல் உட்கார்ந்தது போலிருந்தது.

"உன் கைவேலையை நான் ஒருநாளும் பிடிச்சதில்லடா," என்றார் தரையைப் பார்த்து. "அந்தச் சீட்டு வர்றப்ப நீ மூச்சை நிறுத்துவ. தொண்டைக்குழி அசையாது. அதைப் பாத்துத்தான் சொன்னேன். இப்ப எல்லாச் சீட்டுக்கும் மூச்சு நின்னு நின்னு வருது. எதைன்னு பாக்க?"

தம்பி தன் தொண்டைக்குழியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன், தன் கண்ணுக்கு ஒரு கை தப்பிவிட்டது என்று ஒப்புக்கொள்ளத் தனக்கு நாக்கு புரளவில்லை என்று சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

தம்பி சீட்டுகளைத் தட்டி ஒழுங்காக்கினான்.

"மேடையில தொண்டையை யாருண்ணே பாக்கப்போறா?" என்றான். அதில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணனுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. கிழிந்த உறைக்குப் பதில் வேறு வாங்கிவருவதாகச் சொல்லிக் கடைத்தெருவுக்குப் போனார். நான்கு கடை ஏறி இறங்கினார். எந்த உறையைப் பார்த்தாலும் தையலைப் பிரித்துப் பார்க்காத குறையாகச் சோதித்தார். வாங்கிக்கொண்டு வரும்போது மூன்று மணி. தம்பி பெண்டாட்டி வாசலில் நின்றாள்.

"போயிட்டாரு அத்தான்."

"ஏதாவது சொன்னானா?"

"இல்ல. உங்ககூடப் பேசினதுதான் கடைசி."

உறையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

தம்பியைக் கூடத்தில் வாசலுக்கு நேராகக் கிடத்தினார்கள். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். வாடகை நாற்காலிகளோடு வண்டி வந்தது. உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிவிட்டு அவரே இறக்கினார். முற்றத்தில் மேடைக்கு முன்னால் போடுவதுபோல வரிசையாகப் போட்டார், எல்லாம் கூடத்தைப் பார்த்தபடி. ஒரு வரிசை கோணலாக இருந்தது, எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"சுவரோரமாப் போட்டா போதும் அத்தான்," என்றாள் தம்பி பெண்டாட்டி. "இருபது பேர் வந்தாலே அதிகம்."

"ம்," என்றார்.

நான்காவது வரிசையைப் போட்டு முடித்தார். ஐந்தாவதுக்கு இடம் போதவில்லை. குனிந்து, பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினார்.